டிக்கிக்குள் பாஸ்போர்ட்

25-8-86, திங்கள். சோஹார்.

முதலாளி சுலைமான் அர்பாபை அவர் காரில் மஸ்கட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பினேன். என் பாஸ்போர்ட்டில் லீவு முத்திரை விழுந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து ஊர். அவருடைய தோல் பையில் பாஸ்போர்ட்டைப் போட்டு, பையை டிக்கியில் வைத்துச் சாத்தியதும் நான்தான். வீட்டு வாசலில் வந்து திறந்தால் சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. அங்கேயும் போகவில்லை, இங்கேயும் வரவில்லை. சூடு தணிந்தால் சரியாகிவிடும் என்றேன்.

26-8, செவ்வாய்.

சரியாகவில்லை.

28-8, வியாழன்.

மண்ணெண்ணெய் விட்டாயிற்று. பென்சில் கரியைத் தூளாக்கி ஊதியாயிற்று. ஒருவர் டிக்கியை அழுத்த, ஒருவர் சாவியைத் திருகி — ஒன்றும் பலிக்கவில்லை. ரவுண்டானா பட்டறைப் பட்டாணியர் குனிந்து பார்த்து, "உள்ளே நாக்கு ஒடிஞ்சிருக்கு பாய், டிரில் போட்டால் பத்து நிமிஷம்" என்றார் இந்தியில். அர்பாப் குதித்துவிட்டார். "தோட்னா மாஃபி!" உடைக்கக் கூடாதாம். ஐம்பத்தேழாம் வருஷம் அவர் அப்பா பஹ்ரைனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காராம். பழைய பூட்டு தெரிந்த ஆள் துபாயில் இருக்கிறாராம், வருவாராம். எப்போது? "இன்ஷா அல்லாஹ்."

ஃப்ளைட் நாலாம் தேதி. கல்யாணம் பன்னிரண்டாம் தேதி. மாப்பிள்ளை நான்தான் என்று அந்த மனுஷரிடம் எத்தனை தரம் சொல்வது?

30-8, சனி.

துபாய்க்காரர் வரவில்லை. அர்பாப் பூட்டைப் பார்க்கவில்லை, பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார். "இங்கே ஒரு கீறல், நீ போட்டதா?" ஆமாம், நான் போட்டதுதான். போடாமல் எப்படித் திறப்பது?

1-9, திங்கள்.

அண்ணன் கடிதம். கூடவே கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. "பொண்ணு வீட்ல ரெண்டு தடவ கேட்டுட்டாக, மாப்ள வந்துருவாராண்டு. சித்திரையில பண்ணுன மாதிரி பண்ணிறாத." சித்திரையில் வைத்த கல்யாணத்துக்கு லீவு கொடுக்காதது நானா? ஆனால் பெண் பஞ்சவர்ணம் வீட்டில் யார் அதை நம்புவார்கள்? புதுப் பாஸ்போர்ட் கேட்டு எழுதினால் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள்.

ரூமில் கூட இருக்கும் தையல்காரர் செய்கு முகம்மது ஒரு வழி சொன்னார். "பின் சீட்டக் கழத்துனா கை உள்ள போவும்ல வாப்பா? நான் வாறேன். கிழிஞ்சா தச்சுத் தாறேன்."

2-9, செவ்வாய்.

கேட்டேன். அந்த சீட் அவர் அப்பா உட்கார்ந்த இடம், தொடாதே என்றார் அர்பாப். "கல்யாணம் அடுத்த மாசமும் நடக்கும்."

அடுத்த மாசம் புரட்டாசி! இதை அரபியில் எப்படிச் சொல்வது? பன்னிரண்டை விட்டால் ஐப்பசிதான். அதுவரை பெண் வீட்டில் எவன் பொறுப்பான்? ஆத்திரத்தில் டயரை உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

3-9, புதன்.

செய்துவிட்டேன்.

அர்பாப் பேரீச்சந் தோட்டத்துக்குப் போயிருந்தார். நானும் செய்கு முகம்மதுவும் சீட்டைக் கழற்றினோம். பின்னால் ஒரு பலகை, சுற்றிலும் ஆணி. நெம்பியதில் பலகை பிளந்தது. சீட்டுத் தோலும் ஒரு சாண் கிழிந்தது. தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, வாரைப் பிடித்துப் பையை இழுத்தேன். பாஸ்போர்ட்!

செய்கு முகம்மது அங்கேயே உட்கார்ந்து தைத்தார். எவ்வளவு நன்றாகத் தைத்தும் தையல் தெரிந்தது. "மேல ஒரு துண்டப் போட்டு வைய்யி, பாக்க மாட்டாரு" என்றார். மனசு ஒப்பவில்லை. மூன்று வருஷம் அர்பாப் சோற்றைத் தின்றிருக்கிறேன். அவர் வந்ததும் பையைக் கொடுத்து, கார்க் கதவைத் திறந்து காட்டினேன்.

தையல் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். கத்துவார் என்று நின்றேன். கார்ச் சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.

"கலாஸ். போ." முடிந்ததாம்.

திரும்பி வா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

12-9, வெள்ளி. ஊர்.

தாலி கட்டினேன்.

29-10, புதன்.

செய்கு முகம்மது கடிதம். என் கட்டிலில் ஒரு மலையாளி டிரைவர் வந்து படுத்திருக்கிறாராம். இனி நான் வர வேண்டாம் என்று அர்பாப் சொல்லச் சொன்னாராம். மூன்று தடவை படித்தேன். ஒரு சாண் தோலுக்காகவா? மூன்று வருஷத்தில் ஒரு நாள் டூட்டிக்குப் பிந்தியிருப்பேனா நான்?

மத்தியானம் வரை பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லை. பிறகு சொல்லித்தானே ஆக வேண்டும்.

"அப்ப, இனிமே போகலயா?" என்றாள்.

"இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். உள்ளே போனாள். பயணத்துக்கு அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, அவள் சேலைகளைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அதே கொடியில் போட்டாள்.