ஏழாம் விதிக்கு மெட்டு

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

இல்லை, பாட்டாகத்தான் வேண்டும். வசனத்தில் சொன்னால் நாயகன் செய்வது தவறு என்று ஐந்தாம் நிமிடத்தில் தெரிந்துவிடும். நல்ல மெட்டு இருந்தால் எந்த அநியாயத்துக்கும் தலை தானாக ஆடும். நாடகமே அதைப் பற்றியதுதானே.

கதை சிறியது. தொழிற்சாலை விடுதியில் தண்ணீர் வரவில்லை. ஓர் இளைஞன் மனு எழுதுகிறான். பிறகு சங்கம் அமைக்கிறான். பிறகு சங்கத்துக்குள்ளேயே துரோகிகளைத் தேடுகிறான். கடைசியில் விடுதிக்குத் தீ வைக்கிறான். தண்ணீர் இல்லாததால் அணைக்க முடியவில்லை.

(இந்த இடத்தை எழுதும்போது சிரித்தேன். நல்ல அறிகுறியா?)

ஸ்ரீகரன் இயக்குநர், நாயகனும் அவனே. அரவிந்த் கீபோர்டு, பினாங்கு ஸ்ட்ரீட்டில் அவன் சித்தப்பா கடை மாடியில்தான் ஒத்திகை. பாட்டு எழுத்து பிரஷா, அதாவது நான். நாயகனின் தோழியாகப் பாடுவது சாந்தினி. ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து நாற்காலி. இப்போது பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை. எங்களில் தொழிற்சாலைக்குள் போனவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் அதைப் பற்றிப் படித்திருக்கிறோம்.

12 பிப்ரவரி

நேற்று தைப்பூசம். தண்ணீர்ப்பந்தலில் வரிசையில் நின்று மோர் குடித்தது மக்கள் தொடர்புப் பணி என்று ஸ்ரீகரன் இன்று தீர்மானம் கொண்டுவந்தான். ஒருமனதாக நிறைவேறியது. ஏற்கெனவே குடித்தாயிற்று.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்று குழுவுக்கு விதிகள் போட்டோம். நாயகனுக்குப் பெயர் கிடையாது; வைத்தால் தனிமனித வழிபாடு. கைதட்டல் கிடையாது. ஒத்திகையில் ஏர்கோன் குளிர் கிடையாது.

கடைசி ஒன்றுக்கு அரவிந்த் மட்டும் தயங்கினான். "கீபோர்டு சூடாயிரும் லா."

கீபோர்டு எந்த வர்க்கம் என்று அரை மணி நேரம் விவாதித்தோம். சாந்தினி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

விதிகளை எழுத்தில் போடும் பொறுப்பு எனக்கு. ஏழாவதை ரசித்து எழுதினேன்: "மூன்று ஒத்திகைக்கு வராதவர் குழுவில் இல்லை. காரணம் கேட்கப்படாது. காரணம் கேட்பதே சலுகை."

எவ்வளவு சுத்தம்! இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

5 மார்ச்

முக்கியமான பாட்டு வரவில்லை. நேற்றுவரை நல்லவனாக இருந்தவன் தோழியை வெளியேற்றும் பாட்டு. எழுதுவதெல்லாம் வில்லன் சிரிப்பாகவே வருகிறது. எந்த இடத்தில் ஒருவன் அப்படி ஆகிறான்? எனக்கு எப்படித் தெரியும்?

16 மார்ச், ஞாயிறு

சாந்தினியை நீக்கினோம்.

மூன்றாவது தடவையாக வரவில்லை. அவளுக்கு நாலு நாள் வேலை, நாலு நாள் விடுப்பு. அது கிழமை பார்க்காது. எங்கள் ஒத்திகை ஞாயிறு மட்டுமே பார்க்கும்.

ஸ்ரீகரன் ஏழாம் விதியை வாசித்தான். என் வாக்கியம் அவன் குரலில் இன்னும் நன்றாக இருந்தது. கை தூக்கச் சொன்னான். நான் இரண்டாவதாகத்தான் தூக்கினேன். முதலாவதாக இல்லை — இதை யாருக்குச் சொல்கிறேன்?

கூட்டக் குறிப்பு எழுதியதும் நான். அவளுக்குச் செய்தி அனுப்பியதும் நானே. பதில்: "பேக்டரி நாடகத்துல பேக்டரிக்காரியத் தூக்கிட்டீங்க. நல்லா பண்ணுங்க லா." கூடவே ஒரு கட்டைவிரல் இமோஜி.

18 மார்ச்

அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

19 மார்ச்

பாட்டு வந்துவிட்டது. எழுதவே இல்லை. காப்பியடித்தேன்.

23 மார்ச், ஞாயிறு

வெளியேற்றும் பாட்டு தயார் என்று மட்டும் சொன்னேன். அரவிந்த் வாசிக்க, நான் பாடினேன். என் சுமார் குரலுக்கு ஒரு கீபோர்டு போதும்.

எனக்கும் வருத்தம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.
இது அவளுக்கு எதிரானதில்லை.
ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேண்டும்.
நாளைக்கு அவளே நன்றி சொல்வாள்.

ஸ்ரீகரன் துள்ளிவிட்டான். "ஐயோ, என்னா ஆளு இவன்! சிரிச்சிக்கிட்டே கழுத்த அறுக்கிறான். எங்கேர்ந்து பிடிச்ச, பிரஷா?"

"இன்னும் ஒரு வரி இருக்கு."

ஏழாம் விதியைப் பாடினேன். அரவிந்தின் விரல்கள் நின்றுவிட்டன.

"போன வாரக் கூட்டக் குறிப்பு," என்றேன். "மொத ரெண்டு வரி ஸ்ரீ சொன்னது. அடுத்த ரெண்டும் அரவிந்த். கடைசி வரி என்னோடது."

"நாடகத்துக்காகப் பண்ணியா, எங்கள அசிங்கப்படுத்தப் பண்ணியா?" ஸ்ரீகரனின் காது சிவந்திருந்தது.

"ரெண்டுக்கும்தான். என்னையும் சேர்த்து."

அரவிந்த் எழுந்து போய் ஏர்கோனைப் போட்டான். யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை.

27 மார்ச்

காலை. பாயான் லெப்பாஸ், சாந்தினியின் ஃபிளாட் வாசல். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்தாள். நிற்கவில்லை. நாலடி போய் நின்றாள்.

"பசியாறிட்டியா?"

"இல்ல."

"அப்ப வா. நின்னுக்கிட்டு சண்டை போட எனக்குக் கால் இல்ல."

தோசைக் கடையில் உட்கார்ந்தோம். என் தப்புதான் என்றேன். விதி என்னோடது, தூக்கின கையும் என்னோடது.

"தெரியும். அவ்ளோ அழகா எழுதுறது நீதான். இந்த மன்னிப்பையும் பாட்டுல போட்டுறாத."

பாட்டைக் காட்டினேன். சட்டினி படாமல் தூக்கிப் பிடித்து வாசித்தாள்.

"நல்லாருக்கு. அதான் பயமாருக்கு." பிறகு முதல் காட்சியையும் கேட்டு வாங்கினாள். "ஆனா இது பொய். தண்ணி வரலன்னா யாரு மொதல்ல மனு எழுதுவா? வாளி வரிசை போடுவோம். அதுல சண்டை வரும். அப்புறம்தான் மனு."

"திரும்பி வருவியா?"

"என் லீவு நாள்ல ஒத்திகை வைங்க. அவனுங்கள கேட்டுட்டு வா. கூட்டம் போடாம, சும்மா போன் பண்ணிக் கேளு."

28 மார்ச்

அரவிந்த் சரி என்றான். ஸ்ரீகரன் முதலில் மெட்டைப் பற்றியே பேசினான். பிறகு, "அவ பார்ட்ட வேற யார்கிட்டயும் குடுக்கல," என்றான். அவனிடமிருந்து இவ்வளவுதான் வரும்.

சாந்தினி ஏப்ரல் ஷிப்ட் அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பினாள். கட்டைவிரல் இல்லை, வேறு எதுவும் இல்லை. அவள் விடுப்பு நாட்களை நாட்காட்டியில் குறித்தேன். முதல் காட்சியைத் திறந்து, மனுவுக்கு முன்னால் பதினொரு வாளிகள் வைத்தேன்.