ஆறு ஏரியில் சேரும் இடத்தில் ஒரு புது வீடு

செப்டம்பர் 7, 1958. ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அளவுகோலை மாடிப்படிக்குக் கீழே தள்ளி வைத்தேன். "நாளைக்குப் பொண்ணோட அம்மாவா வா. ஜியாக்ரபி வாத்தியாரா வராதே" என்று இவர் நேற்றே சொல்லிவிட்டார். வானம் மூடாக்கு. காற்றே இல்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். உப்பிலியபுரம் வரை பஸ், பிறகு மாட்டுவண்டி. எனக்குப் பழகின பாதைதான். பச்சைமலையிலிருந்து இறங்கும் காட்டாறு பெரிய ஏரியில் சேரும் இடத்தைச் சில வருஷமாக அளந்து வருகிறேன். எனக்குக் கோல் பிடிக்க வந்த என் பெண் சாந்தாவை அங்கேதான் செல்வராசு பார்த்தான். நல்ல பையன். விவசாய ஆபீசில் வேலை. பார்க்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அவர்கள் வீடு ஊர்மேட்டில் என்று நினைத்திருந்தேன். வண்டி மேட்டில் நிற்கவில்லை. கீழே இறங்கியது. ஆறு கொண்டுவந்து போட்ட புது மண்ணில் புது வீடு. சுண்ணாம்பு கூட இன்னும் காயவில்லை.

"மேட்டு வீடு பெரியவனுக்குங்க. புதுப் பொண்ணு புது வீட்லதான்" என்றார் செல்வராசுவின் அப்பா. பிறகு கிணற்றைக் காட்டினார். "பாருங்கம்மா, ஒரு கல்லு இல்ல. வெட்ட வெட்ட மணலு. தண்ணி இளநி மாதிரி."

எட்டிப் பார்த்தேன். மேலே கறுப்புச் சேறு. அதன் கீழ் பருமணல். மறுபடி சேறு, நத்தை ஓடுகளோடு. மறுபடி பருமணல். நிற்கிற தண்ணீர் பருமணலைக் கொண்டுவராது. ஆறு இதே இடத்தில் இரண்டு தடவை ஓடியிருக்கிறது.

கைப்பிடிச் சுவரிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. "தலை சுத்துதா?" என்றார் இவர். ஆமாம் என்றேன்.

கேசரி, பஜ்ஜி. சாந்தா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆவணி முடிவதற்குள் நிச்சயமாம். ஐப்பசியில் கல்யாணமாம்.

ஐப்பசி. அடைமழை மாதம்.

செப். 8, திங்கள்

காலேஜ். முதல் மணி பி.ஏ. கரும்பலகையில் ஆறும் ஏரியும். ஓடிவருகிற ஆறு நிற்கிற தண்ணீரைத் தொட்டதும் வேகம் போய்விடுகிறது. சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிடுகிறது. அதன் வாய் ஏரிக்குள் நீள்கிறது, அடி உயர்கிறது. கடைசியில் ஆறு இரண்டு பக்கத்து நிலத்தையும்விட உயரத்தில் ஓடும். ஏதோ ஒரு வெள்ளத்தில் கரையை அறுத்துக்கொண்டு பள்ளத்து வழியாக ஏரிக்கு இறங்கிவிடும். இத்தனை வருஷமாகச் சொல்கிற பாடம். இன்று கை தானாகப் பள்ளத்தில் ஒரு வீட்டை வரைந்துவிட்டது.

"அது என்ன மிஸ்?"

அழித்துவிட்டேன்.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. போன சித்திரையில் எடுத்த அளவுகளைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஆற்றின் அடி அந்த வாசலைவிட உயரம். சித்திரையில் அங்கே வீடு ஏது, கடலைச்செடிதான். காலேஜ் பெண்களை அழைத்துவந்து காட்ட நல்ல இடம் என்று சந்தோஷப்பட்டேன்.

வாங்க: உளுந்து, ஊதுவத்தி, இவர் செருப்புக்கு வார்.

செப். 10, புதன்

தூறல். தவலையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறது.

இவர் பொன்மலை ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து காப்பி குடித்ததும் சொல்லிவிட்டேன். சாந்தாவும் இருந்தாள்.

"நாமளே ரெண்டு ஆத்துக்கு நடுவுலதான் குடியிருக்கோம். பெருமாளே இங்கதான் படுத்திருக்கார். காவேரி நம்மள என்ன பண்ணிடுச்சு?"

"இங்க ஆறு நம்மளத் தாண்டிப் போயிடுதுங்க. அங்க போக வழியில்ல. ஏரியில முட்டிக்கிட்டு எல்லாத்தையும் அங்கயே கொட்டுது."

"அவங்க பரம்பரையா அங்கயே இருக்கறவங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

பரம்பரையாக அவர்கள் இருந்தது மேட்டில். அதைச் சொன்னால் காதில் ஏறவில்லை.

சாந்தா சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எந்த வருஷம் வெள்ளம் வரும்னு சொல்லும்மா. அந்த வருஷம் மட்டும் இங்க வந்து இருக்கேன்."

என் படிப்பு எந்த இடம் என்று சொல்லும். எப்போது என்று சொல்லாது.

"வேற எங்கயாவது குடியிருக்கலாமான்னு நீயே அவரைக் கேளேன்" என்றேன்.

"அன்னிக்கே கேட்டேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கேட்டேன். அப்பா கட்டின வீட்டை விட்டுட்டு வாடகைக்குப் போனா ஊரே சிரிக்கும்னுட்டார்." காலித் தம்ளரை எடுத்துக்கொண்டே, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா."

அழவில்லை அவள். அழுதிருந்தால் தேவலை.

செப். 11, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். நாத்தனார் பங்கஜம் வந்தாள். இவர்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளையைப் பாப்பாங்க. எங்க அண்ணி மண்ணைப் பாத்துட்டு வந்திருக்காங்க!"

இவரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் வேதனை.

பிறகு அவளே: "உங்களுக்கும் மனசு ஆற மாட்டேங்குது, அவளும் வாடிப் போறா. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். வெள்ளைப் பூ வந்தா நிச்சயம் பண்ணுவோம். சிவப்பு வந்தா விட்டுருவோம். அப்புறம் யாரும் வாயத் திறக்கக் கூடாது. என்ன அண்ணி?"

இவர் சரி என்றார். சாந்தா என்னைப் பார்த்தாள். "அம்மன் சொன்னா நான் கேட்டுக்கறேன். நீயும் கேட்டுக்கணும்."

சரி என்றேன். அம்மன் முன்னால் இரண்டு பொட்டலத்தில் ஒன்றை ஒரு குழந்தை எடுக்குமாம். கட்டுவது பெண்ணைப் பெற்றவளாம். நான்.

கிணற்றுக்குள் பார்த்ததை ஒருவரும் கேட்கவில்லை. பூ சொன்னால் கேட்பார்கள்.

செப். 12, வெள்ளி. காலை

மலைக்கோட்டைப் பக்கம் கறுத்திருக்கிறது. பூவரச இலை, வாழைநார் எடுத்து வைத்தாயிற்று. நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன். சாந்தா தலைக்குக் குளிக்கிறாள். ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள்.

ஆறு அவள் இருக்கும்வரை வராமலே போகலாம். அவள் பிள்ளைகள் காலத்திலும் வராமல் போகலாம். அப்படியானால் நான் செய்யப்போவதற்கு என்ன பெயர்? அம்மனிடம் பயமா, சாந்தாவிடமா என்று தெரியவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கிணறு. மணல், சேறு, மணல்.

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே வைக்கப்போகிறேன். எடுக்காததைப் பங்கஜம் பிரிப்பதற்குள் நான் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்.