இஸ்திரி போட்ட முகமூடிகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், இஸ்திரிக் கடையையும் திறக்கிறேன்.

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். அம்மா போனபோது வந்திருந்தாயே, அலமாரியில் புகைக்காக நீ அனுப்பிய முகமூடிகள் அடுக்குக் கலையாமல் இருந்ததைப் பார்த்து, "ஒண்ணைக்கூடத் தொடலையேப்பா, சொன்னா கேக்குற ஆளா அவங்க" என்று அவள் மேல் கோபப்பட்டு அழுதாய். அவள் எல்லாவற்றையும் போட்டாள், கண்ணு. குப்பைமேடு எரிந்த அந்த இரண்டு வாரமும், காற்று மோசம் என்று நீ காலையில் போன் செய்த நாளெல்லாம் போட்டுக்கொண்டுதான் வீடு வீடாகத் துணி கொடுக்கப் போனாள். வெளியே போகாதே என்றதை மட்டும் கேட்கவில்லை, "அதான் மூக்குல மாட்டியிருக்கேனே" என்பாள். சாயங்காலம் அது கறுத்துப்போய் வரும். ஊர்ச் சட்டையெல்லாம் பளபளக்க என் வீட்டுக்காரி அழுக்கை மாட்டிக்கொண்டு போவதா என்று நான்தான் சோப்புத் தண்ணீரில் அலசி, மேலே துணி விரித்து, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு அடுக்கினேன். "புதுசு தோத்துப் போகும்" என்று மெச்சினாள். நீயும் புதுசு என்றுதானே நினைத்தாய். துவைத்தால் அது வெறும் துணி, புகையைப் பிடிக்காது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டர், அது மட்டும் காரணமில்லை, பல வருஷக் கரிப்புகை நெஞ்சில் இருக்கிறது என்றார். இஸ்திரிப் பெட்டிக்கு அந்தக் கரியை மூட்டியதும் நான்தானே.

கரிப்பெட்டியை ஒழித்துவிட்டேன், இப்போது கரண்ட் பெட்டிதான். பக்கத்துக் கடைத் தையல்காரர் தினமும் வெட்டுத்துணியைக் கொளுத்துவார், சண்டை போட்டு நிறுத்தினேன், இப்போது என்னைக் கண்டாலே தீப்பெட்டியை ஒளிக்கிறார். காற்று கெட்ட நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு, மாப்பிள்ளையையும் ஓடப் போக விடாதே. முகமூடி அழுக்கானால் தூக்கிப் போடு, அப்பனைப் போலச் சுத்தம் பார்க்காதே.

என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, அவள்மேல் வேண்டாம். நீங்கள் இருவரும் நெஞ்சு நிறைய மூச்சு விட்டு நெடுநாள் வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே. அம்மா போனதிலிருந்து காற்று எப்படி என்று சொல்லக் காலையில் நீ போன் செய்வதில்லை. நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

உன் அப்பா