ரேணுகாவின் நாவலைப் போட்டுடைத்தேன், கமலம்

என் கமலம்,

தினமும் காலையில் உன் படத்துக்கு முன்னால் நின்று பேசுவதை இந்த முறை எழுத்தில் செய்யச் சொல்லிவிட்டார் மாணிக்கம். நம் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரில் உனக்காகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாராம். "நீங்கதான் எழுதணும்ண்ணே, வேற யாரு எழுதுவா?" என்றார். தலையாட்டிவிட்டேன். நான் எதற்குத்தான் மறுத்திருக்கிறேன்?

உன்னைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதக் கூட்டத்தில் நான் செய்துவிட்டு வந்த காரியம் பேனாவை நகரவிட மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லி முடித்தால்தான் எனக்கு வேறு எதுவும் வரும்.

மலரைப் படிக்கிறவர்களில் நம்மைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள். ஊசி, கட்டு, பிணம் எல்லாம் பார்த்தவள். நான் நில அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்த்தவன். ரத்தம் என்ற சொல்லைப் படித்தாலே எனக்குக் கை சில்லிட்டுவிடும். நீயோ சோற்றுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொலை நாவல் படிப்பாய்.

எனக்கும் அந்த நாவல்கள் பிடிக்கும் என்பதுதான் வேடிக்கை. புதிர் பிடிக்கும், பயம் ஆகாது. அதற்கு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒவ்வொரு நாவலையும் முதலில் நீ படித்து முடித்துவிட்டு, நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்து சொல்வாய்.

"கொன்னது டாக்டர். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. நாய்தான் செத்துப் போகுது, அந்த அத்தியாயத்த மட்டும் விட்டுடுங்க. மத்தபடி தைரியமா படிங்க."

அதன்பிறகுதான் நான் முதல் பக்கத்தைப் புரட்டுவேன். நீ முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த பாதையில் உன் பின்னால் நடப்பது போல இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நாம் படித்த முறை இதுதான்.

வட்டத்தில் மட்டும் நீ வேறு ஆள். மாதா மாதம் தையல்கடை மாடியில் நின்று புது மர்ம நாவல்களைப் பற்றிப் பேசுவாய். யாராவது "யாரு மிஸ்ஸி கொன்னது?" என்று கேட்டால், "முடிவ வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன், ஆள விடுங்க" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நான் மட்டும் அந்த முடிவோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

உன் நோயையும் நீ எனக்கு அப்படித்தான் சொன்னாய். "இனிமே சாப்பாடு இறங்காது. அப்புறம் நாளெல்லாம் தூங்குவேன். கடைசியில மூச்சு சத்தமா வரும், பயந்துடாதீங்க, அதுல எனக்கு வலி இருக்காது." எல்லாம் நீ சொன்ன வரிசையில்தான் நடந்தது. அதனால்தான் என்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு வரும் காலையில் நான் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லவில்லையே. மறந்துவிட்டாயா? அல்லது அது உனக்கும் தெரியாதா?

புத்தகங்கள் இன்னும் வருகின்றன. இப்போது நானே கடைசி அத்தியாயத்தைத் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு கொலைகாரன் பெயரை மட்டும் தேடி எடுத்துவிட்டு, பிறகு முதலிலிருந்து தொடங்குகிறேன். சில சமயம் பெயரோடு சேர்த்து வேறு எதையாவதும் பார்த்துத் தொலைக்கிறேன். நீ இருந்தால் அதை வடிகட்டியிருப்பாய்.

புது நாவல்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் கதையை நேராகச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஓர் அத்தியாயம் இன்று, அடுத்தது மூன்று வருடத்துக்கு முன், அதற்கடுத்தது அதற்கும் முன். நான் பழைய வழக்கப்படி கோடு போட்டு நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரு நாவலில் கதாநாயகி செத்துப்போன அண்ணனிடம் சம்பவத்துக்கு அடுத்த வாரம் தொலைபேசியில் பேசுகிறாள். அது மர்மமல்ல, கவனக்குறைவு. அல்லது எனக்குத்தான் புரியவில்லையோ?

கொலைகாரனுக்குக் கடைசியில் ஒரு துயரமான பால்யத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா அடித்தார், அதனால் ஆறு பேரைக் கொன்றான். என் அப்பாவும் அடித்தார், நான் வரைபடம் பார்க்கப் போனேன். இன்னொன்று, இப்போது எங்கே பார்த்தாலும் கேமரா, எல்லார் கையிலும் கைப்பேசி. ஆகவே எழுத்தாளர்கள் எல்லாரையும் சிக்னல் இல்லாத மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்கிறார்கள். நம் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள்ளேயும் சிக்னல் கிடைக்கிறது, இங்கே ஒருவரையும் கொல்ல முடியாது என்று நீ இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பாய்.

ஆனால் ரேணுகா அதைத்தான் செய்து காட்டினாள்.

நம் ரேணுகா. பண்டார் தெங்காராவில் வளர்ந்து, அங்கிருந்தே தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பெண். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியிலேயே நாவலை எழுதினாள். அவளை வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நீ. முதல் பாதியை உனக்குத்தான் அனுப்பினாள். மீதியை அவள் எழுதி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர் காணாமல் போகிறார். மலையில்லை, மூடுபனியில்லை, தூங்காத போலீஸ்காரரும் இல்லை. வெள்ளை வெயிலில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடத்தில் கதை நடக்கிறது. கைப்பேசி இருக்கிறது, சிக்னலும் இருக்கிறது. இருந்தும் கடைசி அத்தியாயம் வரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்த வருடம் வந்தவற்றில் இதற்கு இணையானது இல்லை. எனக்குத் தெரிந்தவரை என்று சொல்வதைக் கவனி.

அந்த நாவலின் வெளியீட்டுக்குத்தான் போன மாதக் கூட்டம். உன் இடத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். ரேணுகாவே வந்து கேட்டாள். "ஆன்ட்டி பேசற எடம் அங்கிள், நீங்க பேசினாதான் சரியா இருக்கும்." அவளுடைய முதல் புத்தகம். அதைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு ரகசியம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து நின்றேன். மைக்கைப் பிடித்தேன். கமலம், ஒரு நாவலைப் பற்றி நான் என் வாழ்நாளில் பேசியது உன் ஒருத்தியிடம்தான். நம் பேச்சு எப்போதும் முடிவிலிருந்துதான் தொடங்கும். வாயைத் திறந்ததும் அந்தப் பேச்சுதான் வந்தது. இன்னார்தான் கொன்றார் என்று தெரிந்துகொண்டே இந்த நாவலைப் படித்தேன் என்று தொடங்கினேன். அந்த இன்னாரின் பெயரையும் சொன்னேன்.

"அலமாக்!" என்று பதறியது ஒரு குரல். தையல்கடைப் பார்வதி. "இப்பதான் லா வாங்கிப் பையில வெச்சேன்! பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கல!"

"அவங்களா? அந்தப் பேருல ஒருத்தங்க இருக்காங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இருக்காங்க, அட்டையிலயே இருக்காங்க பாரு, ஓரமா நிக்கிறாங்க!"

சிரிப்பு கிளம்பியது. மாணிக்கம் மைக்கை வாங்கிக்கொண்டார். "பரவால்ல பரவால்ல, ஐயா நமக்கு ஒரு வார வேலைய மிச்சம் பண்ணிட்டாரு." இன்னும் பெரிய சிரிப்பு. முதல் வரிசையில் ரேணுகா மட்டும் மடியிலிருந்த பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்ததில் நல்ல பகுதியைச் சொல்லவே இல்லை. அந்த ஆள் வரும் ஒவ்வொரு இடத்திலும் பொய்யைத் தேடினேன், ஒரு வரிகூடப் பொய்யில்லை. எல்லாம் நம் கண் முன்னால் இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. முடிவு தெரிந்தபிறகும் படிக்க முடிகிறதென்றால் அது நல்ல நாவல். இதுதான் என் கருத்து. இது கருத்தா, கோழை ஒருவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியின் கீழே ரேணுகாவைப் பிடித்தேன்.

"தெரியாம வாயில வந்திடுச்சும்மா."

"தெரியாமயா? அப்பா பேரோட சேத்து முழுப் பேரும் சொன்னீங்களே அங்கிள்!"

அவள் பூங்கொத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

"பாதி படிச்சிட்டு ஆன்ட்டி போன் பண்ணாங்க. யாருன்னு சொல்லிடாத, நானே கண்டுபிடிச்சிட்டேன்னாங்க. ஒரு பேரு சொன்னாங்க. சரியா தப்பான்னு நான் வாயே தொறக்கல. எழுதி முடிச்சிட்டு வா, யாரு ஜெயிச்சான்னு பாக்கலாம்னாங்க. அவங்க மொகத்த பாக்கணும்னுதான் அங்கிள் வேலை முடிஞ்சு வந்தும் உக்காந்து எழுதினேன்."

"அவ யாருன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊருக்கே சொல்லியாச்சு. ஆன்ட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. காலையில படத்துகிட்ட எல்லாத்தையும் ஒப்பிப்பீங்களாமே, மாணிக்கம் ஐயா சொன்னாரு." சிரிக்கத்தான் பார்த்தாள். சரியாக வரவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அத்தோடு முடியவில்லை. மறுநாள் வட்டத்தின் கைப்பேசிக் குழுவில் ஒருவர் கொலைகாரர் பெயரைப் போட்டு, பக்கத்தில் சிரிக்கும் முகங்களையும் போட்டிருந்தார். பிறர் போட்டதை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அழிக்க முடியாதாம். அவருக்குப் போன் செய்து கெஞ்சினேன். "சும்மா ஜோக்குக்குண்ணே, இதுக்குப் போயி" என்றார். அன்று மாலைக்குள் எங்கேயோ பெக்கான் நானாஸ் ஊரில் இருக்கும் மாணிக்கத்தின் மைத்துனருக்கும் தெரிந்திருந்தது. ரேணுகா குழுவிலிருந்து விலகிவிட்டாள். அடுத்த நாவல் எழுதுகிறாயா அம்மா என்று தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "பாப்போம் அங்கிள்" என்று வந்தது. அதற்குப் பிறகு நான் அனுப்பியவற்றுக்குப் பதில் இல்லை.

நான் என்ன செய்வது, கமலம்? சொன்னதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள வழியிருக்கிறதா? வரைபடத்தில் கோடு தப்பினால் சுரண்டி எடுத்துவிடலாம். நீயாக இருந்தால் அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருப்பாய், அவளும் சிரித்திருப்பாள். எனக்கு அந்தச் சொல் எதுவென்றே தெரியவில்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியவேண்டும். கூட்டத்துக்கு முந்தின இரவுதான் அந்த நாவலைக் கையில் எடுத்தேன், காலையில் கிளம்பிய பதற்றத்தில் உன் படத்துக்கு முன்னால் நான் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆகவே நீ இன்னும் அதன் நடுவில்தான் இருக்கிறாய். உன் ஊகம் சரியா என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நமக்குள் இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. காலையில் நிற்கும்போது வாய் நமநமவென்கிறது. பேச்சை மழைக்கும் மார்க்கெட்டுக்கும் திருப்பிவிடுகிறேன். இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரை எழுதவில்லை, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். மலரைப் படிக்கும் நண்பர்களே, நீங்களும் யாருக்கும் சொல்லாதீர்கள். நாவலைப் படியுங்கள். அது என் வாயைவிடப் பலமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பண்டார் தெங்காராவுக்குப் போகப்போகிறேன். தனியாக. உனக்கென்று ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன், அதில் உன் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தரச் சொல்லி ரேணுகாவைக் கேட்க வேண்டும். அன்று மாடியில் சொல்லாமல் விட்டதை வாசலில் நின்றாவது சொல்ல வேண்டும். கதவைத் திறப்பாளா? திறந்து என்ன சொல்வாள்? தெரியவில்லை. இப்போதே கை சில்லிடுகிறது.

திரும்பி வந்ததும் உன் முன்னால் வந்து நிற்பேன். அவள் கையெழுத்துப் போட்டாளா, திட்டினாளா, தண்ணீர் கொடுத்தாளா, இன்னொன்று எழுதுவதாகச் சொன்னாளா, எல்லாவற்றையும் உனக்குச் சொல்வேன். அந்த ஒரு பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். நீ எத்தனை முறை கேட்டாலும்.

உன் வீட்டுக்காரன்,
சிவநேசன்
குளுவாங்