டாலிக்குச் சந்தோஷம் ஆகாது

6.7.98, திங்கள்
காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. கம்பெனி பஸ் ஹெப்பகோடி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். முதுகு போச்சு.

வாங்க: பால், ஈரல் கால் கிலோ, பினாயில்.

டாலி வந்து இருபது நாள். அதை வளர்த்தவர்கள் துபாய்க்குக் கிளம்பும்போது என் தலையில் கட்டியது. பொமரேனியன் நாய், பூனை அளவு. அவர்கள் ஃபிளாட்டில் சத்தம் என்று புகார் வந்ததாம். தொண்டையில் ஏதோ நறுக்கி, குரலையே எடுத்துவிட்டார்கள். வாயைத் திறக்கும், உடம்பே தூக்கிப் போடும், வருவது வெறும் காற்று, இருமல் மாதிரி. பாவிகள். நன்றாக இருப்பார்களா?

மேல்வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி மாடிப்படியிலிருந்து, "என்ன சரோஜா, ஒரே இருமலா இருக்கு? எக்ஸ்ரே எடுத்துப் பாரேன்." ஆமாம், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். நாய் கூடாது என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார்.

8.7, புதன்
ஆன்ட்டி மிளகு ரசத்தோடு கீழேயே வந்துவிட்டார். டாலி ஓடிப்போய் அவர் காலைச் சுற்றியது. வெட்கங்கெட்ட கழுதை. செத்தேன், இன்றோடு வீடு போச்சு என்று நின்றேன். அவர் சத்தம் வராத அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குரைக்காது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ரசத்தையும் கொடுத்தார்.

நிம்மதிதான். ஆனாலும், குரல் இருந்திருந்தால் இது என்னிடம் இருக்க முடியாது. அப்படியென்றால் வெட்டினவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

11.7, சனி
சாயந்திரம் நான் நுழைந்ததும் வழக்கமான துள்ளல். நடுவில் மூச்சு நின்றது. நாக்கு நீலம். விசிறினேன், நெஞ்சைத் தேய்த்தேன். திரும்பி வந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம்.

வெட்டின இடத்தில் தழும்பு வளர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கிறதாம். எடுத்தாலும் திரும்ப வளருமாம். மாத்திரை வீக்கத்துக்கு மட்டும். வேறு வழி? இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அதுக்குச் சந்தோஷம் ஆகாதும்மா. துள்ளினா அடைச்சிக்கும். நீங்க வீட்டுக்கு வர்றப்போ கண்டுக்காதீங்க, கூப்பிடாதீங்க."

இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

13.7, திங்கள்
கண்டுகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றினேன், நேரே சமையலறை. பின்னாலேயே வந்து புடவையைப் பிராண்டியது. இருமல். அடுப்பைப் பார்த்தபடியே நின்றேன். டீத்தண்ணீர் வற்றிக் கருகிவிட்டது.

மாத்திரை: காலை அரை, மாலை அரை.

தூங்கும்போது தொடலாம். அதை டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

15.7, புதன்
கதவு வரை வந்தது. நின்றது. என் முகத்தைப் பார்த்தது. நான் குடையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த குடையையே திரும்ப மடித்தேன். திரும்பிப் போய்விட்டது.

டாலிக்கு இருமல் விட்டதா என்று ஆன்ட்டி. குறைந்திருக்கிறது என்றேன்.

17.7, வெள்ளி
மழை இல்லை. பஸ் சீக்கிரம். கதவைத் திறந்தேன். டாலி எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்கடியில், காலின்மேல் தலை. கண் திறந்துதான் இருந்தது. வால் அசையவில்லை. பயந்துபோய்க் குனிந்து பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.