சுதந்திரமும் துவைத்த துணியும்

ஜூலை 3

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். இனி என் தத்துவப் பாடங்களை ஒலிப்பதிவாக்கி, மாணவர்கள் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும்படி தர வேண்டுமாம். "யாருமே கேக்கலைன்னா அடுத்த வருஷம் இந்தப் பாடம் எதுக்கு சார்?" என்றார், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துவைத்தேன்.

ஜூலை 9

இதுவரை கேட்டவர் இருவர். ஒருவர் நான்.

ஜூலை 11

வகுப்பில் நாற்காலிகளுக்குப் பாடம் நடத்தினேன். வராந்தாவில் ஒருத்தி என் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள், இரட்டை வேகத்தில். ஏலம் போடுகிறவன் குரல் மாதிரி இருந்தது. "மெதுவா வச்சா தூக்கம் வருது சார்." நேர்மையான பெண்.

ஜூலை 20

படுக்கையறையில் போர்வைக்குள் புகுந்து பதிவு செய்தேன். 'மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் உண்டா?' என்று கேட்டு நிறுத்தியதும் மனைவி வந்துவிட்டாள்.

"மொதல்ல துவைச்ச துணியைக் காயப்போடுங்க. அப்புறம் விருப்பத்தைப் பாக்கலாம்."

"பதிவாகுதும்மா!"

"ஆகட்டும். காயப்போடாம இருக்கணும்னு நீங்களா முடிவு பண்ணீங்களா, இல்ல உங்க சோம்பேறித்தனம் முடிவு பண்ணுச்சா? அதைச் சொல்லுங்க."

சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி சொன்னேன். சண்டையோடு முக்கால் மணி நேரம். வெட்டத் தெரியாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஜூலை 23

கல்லூரியே கேட்டிருக்கிறது. வேதியியல்காரர்கள் உட்பட! வாசல் காவலாளி, "துணி காஞ்சுதா சார்?" என்கிறார். மானம் போச்சு.

ஜூலை 25

காலையில் முதல்வர்: "மேடம் குரலை எடுத்துடுங்க. அவங்களுக்குக் கல்வித் தகுதி இல்ல." ஒரு மாணவனை விட்டு வெட்டி எடுத்தேன். கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

மாலையில் முதல்வர்: "சேத்துடுங்க. ஆனா ஆசிரியர் பட்டியல்ல பேரு வராது."

ஆகஸ்ட் 2

அடுத்த பாடத்துக்கு மனைவியை அழைத்தேன். "வரமாட்டேன். எனக்கு விருப்பமில்ல" என்றாள். என்னால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. தத்துவரீதியாகவும்.

புதுப் பதிவு இல்லை. அடுத்த வருஷம் வேலை இருக்குமா? ஏன் இப்படி ஒரு பாடத்தைப் படித்தேன்?

ஆகஸ்ட் 8

வகுப்பில் உட்கார இடமில்லை. மேடம் வருவார் என்று வந்தார்களாம். வரவில்லை என்றேன். எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையில் தாடிக்காரன் ஒருவன் எழுந்தான். போகவில்லை.

"சார், அவங்க கேட்டது நியாயம். உங்க பதில்தான் இடிக்குது. போன்ல உங்களைக் குறுக்க கேக்க முடியல, அதான் வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. வாதாடினேன். அவனும். பிறகு ஆளாளுக்கு. மணி அடித்ததும், அடுத்த வகுப்புக்காரர் வாசலில் நின்று இருமியதும் யார் காதிலும் விழவில்லை.

முதல்வர் வந்து எட்டிப்பார்த்தார். "இதை ரெக்கார்ட் பண்றீங்கல்ல?"

"இல்ல சார்," என்றேன். "உக்காருங்க."

உட்கார்ந்தார், தரையில்.