கோச் முதலில் உன்னைத்தான் கேட்டார்

ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய எலுமிச்சைப் பெட்டி வந்து சேர்ந்தது. வழியில் குளிர் தாங்காமல் இரண்டு பழம் உறைந்து வெடித்திருந்தன. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டு இர்மாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அரிசோனாவில் இதெல்லாம் வீட்டு வாசலிலேயே காய்க்கிறதாமே என்று பெருமூச்சு விட்டாள். அவள் முழங்கால் இன்னும் சரியாகவில்லை. எங்கள் ஏரியும் இன்னும் இளகவில்லை. கொட்டகைக் கூரையில் பனி கனத்துக் கிடக்கிறது, ஏற வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன், ஏறினார்.

போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் உன் தம்பி அறைவரை கேட்கும். டேனருக்குக் கண்தான் வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. காது முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது.

நம் கல்லூரி கோப்பையை வென்றது உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே ஐஸ் ஹாக்கியை யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் செய்தியிலாவது வந்திருக்கும். நானும் அப்பாவும் செயின்ட் பாலுக்குப் போய் அந்த இறுதி ஆட்டத்தை நேரில் பார்த்தோம். நான் போனேன் என்பதை நீ நம்பமாட்டாய். இனி எந்த ஹாக்கி அரங்கப் பக்கமும் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டவள் நீ.

போகச் சொன்னது டேனர். அரையிறுதியில் நாம் வென்ற செய்தி வந்ததும் அப்பா டிக்கெட்டுக்கு அலைய ஆரம்பித்துவிட்டார். சுரங்கத்தில் அவருடன் வேலை பார்த்த ஒருவர் வழியாக இரண்டு கிடைத்தது. நான் வரவில்லை, வேறு யாரையாவது கூட்டிப்போங்கள் என்றேன். அன்று சாப்பாடு கொண்டுபோனபோது டேனர் இருட்டில் சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "நீயும் போம்மா. நம்ம வீட்டுலேருந்து ரெண்டு பேராவது அங்க இருக்கணும்ல." பிறகு வார்த்தையைத் தேடித் தேடி, "கோச்சப் பாத்தா சொல்லுங்க. இப்பல்லாம் நான் நல்லாருக்கேன்னு. சாயங்காலத்துல தெருமுனை வரைக்கும் நடக்கிறேன்னு" என்றான். இர்மாவை அவனுடன் இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அவனுக்கு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இதே கல்லூரிக்கு ஆடிய காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தடுப்புப் பலகையில் தலை மோதி விழுந்தான். அன்று இரவு சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தான். மறுநாள் கோச் ஸ்டென்ரூட் அவன் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, "கண்ணு நல்லாத்தான தெரியுது?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆட்டத்திலும் இறக்கினார். இறங்குமுன் டேனர் மேலே நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். அப்பா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த ஆட்டத்தில் இரண்டாவது முறை விழுந்தவன், முழுசாக எழுந்திருக்கவே இல்லை. அதே ஸ்டென்ரூட், டேனரைக் கல்லூரி அணிக்குக் கேட்டு வந்தபோது நம் சமையலறையில் உட்கார்ந்து நான் காட்டரிசியும் கறியும் சேர்த்துச் சுட்டு இறக்கிய ஹாட்டிஷை இரண்டு தட்டு சாப்பிட்டார். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். உங்க பையன் இனி என் பையன் என்றார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மதியமே செயின்ட் பால் போய்ச் சேர்ந்துவிட்டோம். தெருவெல்லாம் நம் செம்மஞ்சள் நிறம். நம் ஊர்ப் பக்கத்து ஜனம் மொத்தமும் அங்கேதான் இருந்தது. வண்டிக் கதவைத் திறந்து வைத்து, கரி அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டு, கால்மணிக்கொருமுறை கல்லூரிப் பாட்டைப் பாடிக்கொண்டு. எதிரணி பாஸ்டன் பக்கத்துப் பணக்காரக் கல்லூரி. அவர்கள் ஆட்கள் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்துபோனால் நம் பையன்கள் விடுவார்களா? "அண்ணே, கல்யாண வீடு அடுத்த தெருவுல!" என்று ஒருவன் கத்தினான். நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

அப்பா டேனருடைய பழைய ஜெர்சியை மேலே போட்டிருந்தார். எங்கே எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. முதுகில் நம் குடும்பப் பெயர், ராவ்டியோ என்று. எனக்கு அதன் பின்னால் நடக்கப் பிடிக்கவில்லை, பக்கத்திலேயே நடந்தேன்.

உள்ளே எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு கணவன் மனைவி, பெமிட்ஜி ஊர்க்காரர்கள். அந்த ஆளுக்கு வாயும் ஓயவில்லை, பீரும் ஓயவில்லை. நாம் முதல் கோல் போட்டதும் மாணவர்கள் பகுதி எழுந்து நின்று எதிரணி கோல்கீப்பரை விரலால் சுட்டி, "சல்லடை! சல்லடை! எல்லாம் உன்னாலதான்!" என்று ஓலமிட்டது. இவரும் கத்தினார். "பாவம், அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளைதான" என்று அவர் மனைவி சொன்னதற்கு, "அந்தத் தாய்க்கும் கேக்கட்டும்னுதான் கத்துறேன்" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று தெரியுமா? எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

இரண்டாம் பகுதியில் நம் டிஃபென்ஸ் பையன் ஒருவனை எதிரணிக்காரன் பின்னாலிருந்து இடித்துப் பலகையில் சாத்தினான். அந்தச் சத்தம் உனக்குத் தெரியும். பையன் முகம் குப்புறக் கிடந்தான். பிறகு முழங்காலில் எழுந்தான், இரண்டு பேர் தோளில் தொங்கியபடி உள்ளே போனான். ஜனம் கைதட்டியது. வெளியே போய்விடலாம் என்று எழுந்தேன். ஆனால் வரிசை முழுக்க முட்டி இடிக்கும் நெரிசல், உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிப் பகுதி தொடங்கியபோது அந்தப் பையன் திரும்ப வந்தான், கிர்ஸ்டி. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினான். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கூச்சல். பெமிட்ஜிக்காரி என் கையைப் பிடித்து, "என்ன நெஞ்சுரம் பாருங்க இந்தப் பையனுக்கு" என்றாள். "அவனோட அம்மா எங்க உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். என் முகம் எப்படி இருந்ததோ, கையை எடுத்துக்கொண்டாள்.

நான் அப்பாவைத்தான் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். நம் பையனின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீரோடு, கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த எல்லாரையும்விட வேகமாக. நான் அவர் ஜெர்சியின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். குனிந்து, "என்ன மார்லிஸ், தண்ணி வேணுமா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

கூடுதல் நேரத்தில் வென்றோம். வட்டு யார் காலிலோ பட்டு உள்ளே போனது. நான் கோலைப் பார்க்கவில்லை, முன்னால் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேலேயிருந்து காகிதத் துண்டுகள் கொட்டின, பாண்டு வாத்தியம் முழங்கியது. அப்பா அந்தப் பெமிட்ஜிக்காரரைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் உட்கார்ந்தே இருந்தேன். என் மடியில் பெமிட்ஜிக்காரருடைய பீர் கொட்டியிருந்தது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக் கீழே, கண்ணாடித் தடுப்பு முடியும் இடத்துக்கு இழுத்துப்போனார். ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் வழி அது. ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டென்ரூட் வந்தார். நரைத்துவிட்டார், ஆனால் ஆள் அதே மிடுக்கு. ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே வந்தவரை அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கோச், நான் வெர்ன். வெர்ன் ராவ்டியோ. டேனரோட அப்பா."

அவர் சிரித்தார். "ரொம்ப நன்றி வெர்ன். உங்கள மாதிரி ரசிகர்கள் இல்லன்னா நாங்க இல்ல."

"டேனர், கோச். நம்ம டேனர். அவன் நல்லாருக்கேன்னு சொல்லச் சொன்னான்."

கூச்சலில் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். விழுந்தது, கிர்ஸ்டி. பெயர் நன்றாகவே விழுந்தது. ஸ்டென்ரூட் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, பக்கத்திலிருந்தவரிடம் பேனா வாங்கி, அதில் எழுதிக்கொடுத்தார். "பையன நல்லா சாப்பிடச் சொல்லுங்க, தினம் பிராக்டிஸ் பண்ணச் சொல்லுங்க. ஒரு நாள் நம்ம டீமுக்கு ஆட வரட்டும்." என்னைப் பார்த்தும் ஒரு புன்னகை. பிறகு அடுத்த கைக்குப் போய்விட்டார்.

தொப்பி விளிம்பில் எழுதியிருந்தது: டேனருக்கு, சீக்கிரம் பனித்தளத்தில் சந்திப்போம்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். என் வீட்டில் சாப்பிட்டாயே, என் முகத்தைப் பாரடா என்று கேட்டிருக்க வேண்டும். காரில் வரும்போது நூறு வார்த்தை வந்தது. அங்கே ஒன்றும் வரவில்லை. அப்பா கையில் தொப்பியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். காவலாளி வந்து, "பெரியவரே, வழியில நிக்காதீங்க" என்றதும்தான் நகர்ந்தார்.

இரவு மோட்டலில் தங்கி ஞாயிறு காலை கிளம்பினோம். வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அப்பா அந்தத் தொப்பியைக் குப்பைத் தொட்டியில் அமுக்கினார், மேலே யாரோ போட்டிருந்த பழைய செய்தித்தாளை எடுத்து மூடினார். பிறகு உள்ளே போய் எனக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தோம். கதவில் நின்ற இர்மா வாயில் விரலை வைத்தாள். அவன் ஆட்டத்தை ரேடியோவில் முழுக்கக் கேட்டிருக்கிறான். டாக்டர் கூடாதென்று சொன்னதை இர்மா எடுத்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. தலைவலி தாங்காமல் இரண்டுமுறை வாந்தியெடுத்துவிட்டு மறுபடி காதை வைத்தானாம். நாங்கள் வந்த சத்தம் கேட்டதும் எழுந்து கட்டிலில் உட்கார்ந்தான். கறுப்புக் கண்ணாடி, முகம் வெளுத்துப்போய், ஆனால் பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"கோச்சப் பாத்தீங்களாப்பா?"

நான் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தேன்டா. கோச் முதல்ல உன்னத்தான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"வெர்ன், என் டேனர் எப்படியிருக்கான்னு. அவன மாதிரி ஒருத்தன் இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கிடைக்கலன்னு. நடக்கிறான்னு சொன்னேன். கண்ணு கலங்கிப்போச்சு அந்த ஆளுக்கு."

எங்கிருந்துதான் அப்படிக் கோவையாக வந்ததோ. டேனர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தான். "நான்தான் சொன்னேன்லம்மா. கிர்ஸ்டிதான் அவரத் திட்டிக்கிட்டே இருந்தா" என்றான்.

நான் சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். உன் அப்பா மேல் எனக்கு அப்போது வந்த கோபம் நீ சாப்பாட்டு மேசையில் அவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பினாயே, அன்றுகூட வந்ததில்லை. "நீங்களும் அந்தக் கோச்சும் சேர்ந்துதான் அவன் தலைய உடைச்சீங்க" என்றாய். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. நீ போனபிறகும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். நேற்றுக் காலை டேனர் கேட்கிறான், கோச்சுக்குப் போன் போட்டு வாழ்த்து சொல்லலாமா என்று. இப்ப ரொம்ப வேலையா இருப்பாருடா, கொஞ்ச நாள் போகட்டும் என்றார் அப்பா. சாயங்காலம் மறுபடி கேட்டான். இன்றைக்கும் கேட்டான். சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு உதவியாளாகத் தன்னை எடுத்துக்கொள்வாரா என்று கேட்கச் சொல்கிறான். தெருமுனையைத் தாண்டி நடந்து பழகுகிறான். இன்று மதிய வெயிலில், அந்தக் கண்ணாடியோடு, இர்மா வீட்டையும் தாண்டிப் போய்விட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றான். இத்தனை காலம் நானும் டாக்டர்களும் கெஞ்சிச் செய்யாதது இது. ஒரு பொய்யை நம்பிச் செய்கிறான். எந்த நாளில் அந்தக் கோச்சுக்கு நேராகப் போன் போடுவானோ என்று நான் ஒவ்வொரு தடவையும் போன் கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் பார்க்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. உனக்கு உன் வேலை, உன் வெயில். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. அங்கேயே நன்றாக இரு.

ஒன்று மட்டும். ஈஸ்டருக்கு அப்பா உனக்குப் போன் செய்வார். வழக்கமாக நீ ஹலோ சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுங்கள் என்பாய். இந்தமுறை உடனே கொடுக்கச் சொல்லாதே. கோச் டேனரை விசாரித்த கதையை உன்னிடமும் சொல்வார். கண் கலங்கியதையும் சொல்வார். உண்மை உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. அப்படியா அப்பா என்று மட்டும் கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே.

உன் நலமே வேண்டும்,
அம்மா